நாட்காட்டியில் எழுதிய சாவி

"அந்தச் சாவியை நீயா குடுத்தது எத்தனை பேருக்கு?"

"ஒருத்தருக்குத்தான்."

"பதிவுல பதினோரு பேர் இருக்காங்களே."

"மத்த பத்துப் பேர் அவங்களா எடுத்துக்கிட்டாங்க போல."

"எங்கேருந்து?"

"எங்க வீட்டுச் சமையல்கட்டுச் சுவத்துலேருந்து."

முதலாளி ராதோவான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். வெளியே டான்யூப் கரையில் டிசம்பர்க் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டு போயிற்று. திறந்த ஜன்னலுக்கும் திறந்த கதவுக்கும் நடுவில் உட்கார்ந்தால் சிறுநீரகம் போய்விடும் என்பது அந்த அலுவலகத்தில் ஆறு பேரும் ஒத்துப்போகிற ஒரே விஷயம். ஆனால் ராதோவான் காற்றுக்காக மட்டும் சாத்துகிறவர் இல்லை. கெட்ட செய்தி வந்தால் முதலில் போய் ஜன்னலைச் சாத்துவார். திரும்பி வருவதற்குள் செய்தி கொஞ்சம் ஆறியிருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

இந்த முறை ஆறவில்லை. துன்யா அதே முகத்தோடு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

நோவி சாட் நகரில், செருப்பு தைக்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த நிறுவனம் ஒரே ஒரு பொருளைத்தான் விற்றது: ஆற்றின் நீர்மட்டம். பாலத்தடியில் அவர்கள் பொருத்தியிருந்த கருவி நிமிஷத்துக்கு ஒரு எண்ணை அனுப்பும். படகுக்காரர்களின் கைபேசிகளும் சரக்குக் கப்பல்களின் கணினிகளும் இணையத்தில் வந்து அந்த எண்ணைக் கேட்கும். கேட்பவர் சாவியைக் காட்ட வேண்டும். சாவி என்றால் இரும்புச் சாவி இல்லை. எழுத்தும் எண்ணுமாக முப்பத்திரண்டைக் கோத்தது. ஆளுக்கு ஒரு சாவி கொடுத்துவிட்டால் யார் கேட்டார், எப்போது கேட்டார் என்று தெரியும். வேண்டாதவருடைய சாவியை மட்டும் மூடலாம். இதெல்லாம் துன்யாவுக்குத் தெரியாததல்ல. இதைப் பற்றி ஒரு கருத்தரங்கில் படம் போட்டு முக்கால் மணி நேரம் பேசியவள் அவள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில், சும்மா சோதித்துப் பார்க்க ஒரு சாவி செய்தாள். எண்ணைப் பார்க்கவும் விடும், மாற்றவும் விடும், காலாவதியே ஆகாத சாவி. அந்த மாதமே அவள் வீட்டில் ஸ்லாவா வந்தது.

ஸ்லாவா என்பது குடும்பத்தின் புனிதருக்கான நாள். துன்யா வீட்டுக்குப் புனித நிக்கோலா, டிசம்பர் பத்தொன்பது. அதற்கு யாரையும் அழைப்பதில்லை. அழைத்தால், அழைக்காமல் வரமாட்டார்களோ என்று சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும். ஒருமுறை வந்தவர் வருஷா வருஷம் வருவார். கூடவே இன்னொருவரைக் கூட்டி வருவார். வந்தவரை நீங்கள் யார் என்று கேட்கக்கூடாது. வாசலில் ஒரு கரண்டி கோதுமை இனிப்பு, காலுக்கு வீட்டுச் செருப்பு, உட்கார ஒரு நாற்காலி. அவ்வளவுதான்.

அந்த வருஷம் நெபோய்ஷா மேஜையில் மீனை முடித்துவிட்டு, "துன்யா, எங்க படகுக் கழகத்து டிவியில தண்ணி அளவு தெரியணும்டா, ஏதாவது பண்ணு" என்றார். நெபோய்ஷா அந்த வீட்டுக்குக் கும், அதாவது ஞானத்தகப்பன். துன்யாவை ஞானஸ்நானத் தொட்டிக்கு மேல் கையில் ஏந்தி நின்றவர். சொந்தத் தம்பியோடு பேசாமல் இருக்கலாம். கும் கேட்டதை இல்லை என்று சொல்ல முடியாது. துண்டுச் சீட்டு அகப்படவில்லை. குளிர்பெட்டியின் பக்கத்தில் தொங்கிய தேவாலய நாட்காட்டியின் ஓரத்தில் சிவப்பு மையால் முப்பத்திரண்டையும் எழுதி, "இதைப் பார்த்து எழுதிக்குங்க குமே" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுக்கப் போய்விட்டாள்.

அவர் எழுதிக்கொண்டார். அவருக்குப் பின்னால் தண்ணீர் குடிக்க வந்தவர் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். டிசம்பர் முடிந்தால் நாட்காட்டி குப்பைக்குப் போய்விடும் என்றுதான் துன்யா நினைத்தாள். அவளுடைய அப்பா ஸ்வெதோசார் முப்பத்தெட்டு வருஷம் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். பழைய நாட்காட்டியின் ஓரங்களில் இருப்பதையெல்லாம், எரிவாயு மீட்டர் எண், பல் டாக்டரின் தொலைபேசி, இறந்துபோன அத்தையின் பிறந்தநாள் உட்பட, ஒவ்வொரு புதிய நாட்காட்டிக்கும் எழுத்துப் பிசகாமல் படியெடுத்தார். சாவியையும் எடுத்தார். ஒன்பது வருஷம்.

"நேத்துதான் பார்த்தேன்" என்றாள் துன்யா. "ஏம்ப்பா இதை எழுதறீங்கன்னு கேட்டேன். நீ சிவப்பு மையில எழுதியிருந்தியேம்மா, முக்கியம்னு நினைச்சேன்னார்."

ராதோவான் சுவரைப் பார்த்தார். அங்கே கண்ணாடிச் சட்டத்தில் ஒரு சான்றிதழ் தொங்கியது. அரசாங்கத்தின் ஆற்று அலுவலகம் தந்தது. தங்கள் ஊழியர் கரையில் நட்டிருக்கும் அளவுகோலை நேரில் பார்த்துக் குறித்த எண்களும் இந்த நிறுவனத்தின் எண்களும் எட்டு வருஷமாக நூற்றுக்கு நூறு பொருந்துகின்றன என்று அதில் இருந்தது. மனம் சரியில்லாதபோது அவர் அதைப் பார்ப்பார்.

"வியன்னாக்காரங்க இதைப் பார்த்துத்தான் நம்மகிட்டயே வந்தாங்க" என்றார். "கப்பலுக்கெல்லாம் காப்பீடு போடுறவங்க. இப்ப சாவிப் பட்டியல் கேட்கறாங்க. ஒவ்வொரு சாவிக்கும் சொந்தக்காரர் பேர், எதுக்கு, எந்தத் தேதி வரைக்கும். இந்தப் பழைய சாவியைப் போட்டு என்னன்னு எழுதறது? பதினோரு இடத்துல ஒரே நேரத்துல நீ உட்கார்ந்திருக்கேன்னா?"

"எப்ப வேணுமாம்?"

"பத்தொம்போதாம் தேதி மத்தியானம் பன்னெண்டு மணி."

"அன்னைக்குப் புனித நிக்கோலா, பாஸ்."

"அவங்க ஊர் நாட்காட்டியில அவர் ஆறாம் தேதியே வந்துட்டுப் போயிட்டார்."

துன்யா மேஜையின் விளிம்பை நகத்தால் சுரண்டினாள். இந்த வருஷ ஸ்லாவா அவளுடையது. அம்மா போன பிறகு மூன்று வருஷம் அப்பா சமாளித்தார். இந்த இலையுதிர்காலத்தில் இடுப்பெலும்பு அறுவை முடிந்து வந்த அன்று, ரொட்டி அச்சையும் மெழுகுவர்த்தித் தண்டையும் அவள் கையில் கொடுத்து, "இனிமே நீதான்டா வைக்கணும்" என்றார். வீட்டுக்கு ஒரே பிள்ளை அவள். முதல் முறை அவள் பெயரில் மேஜை போடும்போது யாரும் வராமல் நாற்காலிகள் காலியாகக் கிடந்தால், அதைத் தெருவே பேசும்; அதைவிட மோசம், அப்பா ஒன்றும் பேசமாட்டார். அந்தப் பதினோரு பேரில் பெரும்பாலானவர்கள் அவள் மேஜைக்கு வருகிறவர்கள். அவர்கள் முகத்துக்கு நேரே ஒரு கதவைச் சாத்திவிட்டு, அதே நாள் வீட்டுக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

"முதல்ல யார் யாருன்னு கண்டுபிடிக்கலாம்" என்றார் ராதோவான். "பத்து நிமிஷம் மூடு. கத்தறவங்க பேரை எழுதிக்க."

தொழிலில் எல்லோரும் செய்வதுதான். பதினொன்று பத்துக்குத் துன்யா சாவியை மூடினாள். மூடிய சாவியைக் காட்டுகிறவர்களுக்கு ஒரு வாசகம் போகும்: *இந்தச் சாவி மூடப்பட்டுள்ளது. நீங்கள் யார் என்று தெரிவிக்கவும்.*

பதினொன்று பன்னிரண்டுக்கு முதல் அழைப்பு. கரையோர மிதவை உணவகத்துக்காரர். தன் சமையலறை மிதக்கிறதா தரைதட்டுகிறதா என்று தெரியவில்லை என்றார். "எட்டிப் பாருங்களேன்" என்றாள் துன்யா. வெளியே குளிர் என்றார். அடுத்தது துடுப்புப்படகுப் பயிற்சியாளர். அடுத்தது, பக்கத்து வீட்டு முடிதிருத்தும் நிலையத்து ரூஷா. "உனக்கு எதுக்கு ரூஷா தண்ணி அளவு?" என்றதற்கு, "கண்ணாடிக்குப் பக்கத்துல ஏதாவது ஓடிக்கிட்டே இருந்தா வர்றவங்க தலையை ஆட்டாம உட்கார்றாங்க" என்றாள்.

ஐந்தாவதாகப் பாதிரியார் வாசிலியே.

"மகளே, ஜனவரித் திருவிழாவுக்குச் சிலுவையை ஆத்துல எறியணும், பசங்க நீந்தி எடுக்கணும், ஆழம் பார்க்கலாம்னு போனைத் திறந்தேன். நீங்கள் யார்னு கேட்குது."

"அது ஒண்ணுமில்ல ஃபாதர், நாங்கதான்..."

"நீங்களா? நான் கால்மணி நேரமா உட்கார்ந்து யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

மூடி ஏழு நிமிஷம்தான் ஆகியிருந்தது.

பத்து நிமிஷத்தில் பத்துப் பேர் கத்தியாகிவிட்டது. பதினோராவது ஆள் கத்தவில்லை. பதினொன்று பதினைந்துக்குச் சரியாக வந்து கேட்டான். இல்லை என்றதும் பதினாறில் கேட்டான், பதினேழில் கேட்டான். பதினொன்று இருபதுக்குச் சாவியைத் திறந்தவுடன் வந்து எண்ணை வாங்கிக்கொண்டு போனான். தொலைபேசி இல்லை, கடிதம் இல்லை.

ராதோவான் அவள் தோளுக்கு மேலாகப் பதிவைப் படித்தார். "கால்மணிக்கு ஒரு தடவை கேட்கறான். காலையில ஏழு மணிக்கு ஆரம்பிக்கிறான். மூணு மணிக்கு முடிஞ்சிடுது. சனி ஞாயிறு இல்ல."

"இயந்திரமா இருக்கும்."

"இயந்திரம் ஒன்பதரைக்குச் சாப்பிடப் போகாது. பாரு, தினமும் ஒன்பதரையிலேருந்து பத்து வரைக்கும் ஒண்ணும் இல்ல. இது அரசாங்க ஆள்."

அன்றிலிருந்து அந்த ஆளுக்கு அலுவலகத்தில் கால்மணிக்காரன் என்று பெயர்.

மறுநாள், பதினெட்டாம் தேதி மாலை, துன்யா படிவங்களை எடுத்துக்கொண்டு படகுக் கழகத்துக்குப் போனாள். படகுகள் எல்லாம் குளிர்காலத்துக்குக் கரையேறி வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. உள்ளே இரும்பு அடுப்பைச் சுற்றி ஏழெட்டுப் பேர் ரக்கியா என்கிற பழச் சாராயம் குடித்துக்கொண்டிருந்தார்கள். நெபோய்ஷா ஒரு எஞ்சினைப் பிரித்து, அதன் உறுப்புகளைச் செய்தித்தாள் மேல் வரிசையாக வைத்திருந்தார்.

"வாடா மகனே" என்றார். பெண் குழந்தைகளை அப்படித்தான் கூப்பிடுவார். "என்ன அது காகிதம்?"

அவள் பொறுமையாகச் சொன்னாள். ஆளுக்கு ஒரு சாவி. பார்க்க மட்டும் விடும், மாற்ற விடாது. ஒரு வருஷம் செல்லும். திரையில் ஒரே ஒரு முறை தெரியும், அப்போதே எடுத்துப் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும். சுவரில் எழுதக்கூடாது.

"ஒரே தடவையா? நான் கண்ணாடியைத் தேடறதுக்குள்ள போயிடுமே."

"நான் பக்கத்துலயே இருந்து எடுத்துத் தரேன், குமே. நீங்க இதை நிரப்பினா போதும்."

நெபோய்ஷா கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படிவத்தை அடுப்பு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "பெயர். எதற்காக. எந்தத் தேதி வரை." இரண்டாவது முறையும் படித்தார்.

"நான் உன்னைத் தொட்டிக்கு மேல தூக்கிப் பிடிச்சேன்" என்றார். "நீ என் சட்டையில மூத்திரம் போன. எதுக்காகப் போறேன்னு நான் எழுதி வாங்கினேனா?"

"அது வேற, குமே."

"எந்தத் தேதி வரைக்கும் நான் உனக்குக் கும்? அதையும் சொல்லு, எழுதிடறேன். அடுத்த டிசம்பரா?"

"வியன்னாக்காரங்க கேட்கறாங்க."

"வியன்னாக்காரன் வந்து உன் மேஜையில உட்காரப் போறானா?"

அவர் படிவத்தை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் கொடுத்தார். மேஜை ஆட்டம் நின்றது. மற்றவர்களும் தங்கள் படிவங்களைப் பார்த்தார்கள், கும்மைப் பார்த்தார்கள், பிறகு அடுப்பைப் பார்த்தார்கள். வாசல்வரை வந்து வழியனுப்பும் நெபோய்ஷா அன்று எழுந்திருக்கவில்லை. "நாளைக்குப் பார்க்கலாம்" என்று அவளும் சொல்லவில்லை. ஸ்லாவாவுக்கு அழைக்கக்கூடாது. "வருவீங்கல்ல?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், அதைக் கேட்கிற உரிமை மட்டும் அவளுக்கு இல்லை. திரும்பி நடக்கும்போது ஆற்றங்கரை விளக்குகள் காற்றில் நடுங்குவதைப் பார்த்தாள். பத்துப் படிவத்தில் மூன்றுதான் நிரம்பியிருந்தது. பாதிரியார், ரூஷா, மிதவை உணவகம். பாதிரியார் 'எதற்காக' என்ற இடத்தில் 'மீட்புக்காக' என்று எழுதியிருந்தார்.

பத்தொன்பதாம் தேதி காலையிலேயே அப்பா ஊன்றுகோலோடு தேவாலயம் போய் ரொட்டியை ஆசீர்வதித்து வாங்கி வந்துவிட்டார். நோன்புக்காலம் என்பதால் இறைச்சி, பால், முட்டை எதுவும் இல்லை. துன்யா விடியற்காலையில் எழுந்து இரண்டு பெரிய கெண்டை மீன்களை அடுப்பில் வைத்தாள், பீன்ஸை வெங்காயத்தோடு சுட்டாள், வால்நட் வைத்த இனிப்புகளை அடுக்கினாள். கூடத்தில் மெழுகுவர்த்தி எரிந்தது. நடையில் வீட்டுச் செருப்புகளை ஜோடி ஜோடியாக, மூக்கு வாசலைப் பார்க்காமல் வீட்டைப் பார்க்கும்படி வரிசையாக வைத்தாள். இருபத்திரண்டு ஜோடி.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, சமையல்கட்டு மேஜையில் மீன் தட்டை ஒதுக்கிவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். சுவரில் நாட்காட்டி, அதன் ஓரத்தில் அப்பாவின் நேர்த்தியான கையெழுத்தில் அந்த முப்பத்திரண்டு. கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு சாவியை மூடினாள். இனி எதற்கும் திறக்காதபடி அழித்தாள். பட்டியலை வியன்னாவுக்கு அனுப்பினாள். ஒன்பது வருஷச் சாவி போவதற்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை. மீன் வாசனையில் ஒரு மாற்றமும் இல்லை.

ஒன்றரைக்கு ராதோவான் வந்தார், ஒரு புட்டி ஒயினோடு. கோதுமை இனிப்பைச் சாப்பிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, இருபத்திரண்டு ஜோடியில் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். கூடத்துக்கு வந்து நாற்காலிகளைப் பார்த்தார்.

"நான் சீக்கிரம் வந்துட்டேனா?"

"இல்ல, உட்காருங்க" என்றார் ஸ்வெதோசார்.

இருபத்திரண்டு பேர் மேஜையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து மீன் சாப்பிட்டார்கள். இரண்டு மணி ஆயிற்று. இரண்டரை ஆயிற்று. ராதோவான் ஒருவராகப் பல பேருக்குச் சாப்பிட முயன்றார். மூன்றாவது துண்டுக்குப் பிறகு மூச்சு வாங்கியது. "வியன்னாவிலேருந்து பதில் வந்துச்சு" என்றார். "பட்டியல் ரொம்ப நல்லா இருக்காம். யாராவது விட்டுப்போயிருந்தா நாளைக்கு வரைக்கும் சேர்க்கலாமாம்."

"நல்ல மனுஷங்க" என்றார் ஸ்வெதோசார், காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே.

ரொட்டியை இன்னும் திருப்பவில்லை. வீட்டுக்காரியும் கும்மும் சேர்ந்து பிடித்துச் சுழற்றி, நடுவில் உடைக்க வேண்டும். அதைத் தனியாகச் செய்ய முடியாது. துன்யா சமையல்கட்டுக்கும் நடைக்குமாக நடந்தாள். ஒருமுறை குனிந்து, நேராக இருந்த செருப்பையே நேராக வைத்தாள். மூன்றே காலுக்கு அப்பா எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"மீன் நல்லா வந்திருக்கு" என்றார்.

"ம்."

"உங்கம்மா வைக்கிறப்போ கொஞ்சம் காய்ஞ்சு போகும். சொன்னா கோவிச்சுப்பா."

அவர் இவ்வளவு பேசுவதே அபாயம் என்று துன்யாவுக்குத் தெரியும். குனிந்து இன்னொரு ஜோடிச் செருப்பை நேராக்கினாள்.

நாலு மணிக்குப் படிக்கட்டில் சத்தம் கேட்டது. ஒரு ஆளின் சத்தம் இல்லை. பல பேர், பெரிய காலணிகள், இருமல், யாரோ யாரையோ திட்டுவது. துன்யா கதவைத் திறந்தாள். முன்னால் நெபோய்ஷா, முழங்கால் வரை சேறு. பின்னால் படகுக் கழகம் மொத்தமும், முழங்கால் வரை சேறு. துடுப்புப்படகுப் பயிற்சியாளருக்கு இடுப்பு வரை.

"எங்க போயிருந்தீங்க எல்லாரும்?"

"ஆத்தைப் பார்க்கப் போனோம்" என்றார் நெபோய்ஷா, உர்ரென்று. "நீதான் காட்ட மாட்டேன்னுட்டியே. டிவி பன்னெண்டு மணிக்கு என்னைப் பார்த்து நீ யாருங்குது. சரி, ஆறு எங்க போயிடும், கண்ணாலயே பார்க்கலாம்னு கிளம்பினோம். போனா அளவுகோல் எங்கன்னு ஒருத்தனுக்கும் தெரியல. முப்பது வருஷமா அந்தக் கரையில இருக்கோம்."

"கண்டுபிடிச்சோம்ல" என்றார் பயிற்சியாளர்.

"அவன் விழுந்த இடத்துல இருந்துச்சு" என்றார் நெபோய்ஷா. "விடு. கோதுமை எங்க? பசிக்குது."

அவள் கரண்டியை நீட்டினாள். அவர் சாப்பிட்டுவிட்டு, சேற்றுக் கையாலேயே அவள் தலையைத் தொட்டார். "மகனே, படிவத்துல கையெழுத்துப் போட மாட்டேன். அது வேற. ஸ்லாவா வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத." மடித்த ஒரு காகிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அவள் ஏப்ரன் பைக்குள் செருகினார். பிறகு பார்த்தாள். மேஜைக்காலின் வட்டத் தடம் பதிந்த படிவம். கையெழுத்து இல்லை. ஆனால் பெயர் இருந்தது. 'எந்தத் தேதி வரை' என்ற இடத்தில் 'சாகிற வரை' என்று இருந்தது.

பத்து நிமிஷத்தில் வீடு நிறைந்துவிட்டது. ரூஷா வந்தாள், உணவகத்துக்காரர் வந்தார், பாதிரியார் அன்றைய பதினெட்டாவது வீடாக வந்து நின்றபடியே சாப்பிட்டார். அப்பா எல்லோரிடமும் மீனைப் பற்றியே பேசினார். கடைசியாக உள்ளே வந்தவர், துன்யா முன்பின் பார்த்திராத ஒருவர். ஐம்பது வயது இருக்கும், மெலிந்த ஆள், நனைந்த மேல்கோட்டு, அக்குளில் ஒரு நீண்ட பச்சைப் பேரேடு. "ஆத்தங்கரையில கிடைச்சார்" என்று நெபோய்ஷா உள்ளேயிருந்து சொன்னார். "கூட்டிட்டு வந்துட்டோம்." செருப்புகள் தீர்ந்துவிட்டன. துன்யா தன் காலிலிருந்ததைக் கழற்றி அவருக்குக் கொடுத்தாள். அவர் மிகவும் வெட்கப்பட்டு, அதற்குள் பாதங்களை முக்கால்வாசி நுழைத்துக்கொண்டு, கோதுமையைச் சாப்பிட்டு, கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார். யார் என்று யாரும் கேட்கவில்லை.

கூடத்திலிருந்து "துன்யா, ரொட்டி" என்று குரல் வந்தபோது, கத்தியை எடுக்கச் சமையல்கட்டுக்குப் போனாள். அந்த மனிதர் அங்கே நின்றிருந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நாட்காட்டிக்கு மிக அருகில் முகத்தை வைத்து, கையிலிருந்த கசங்கிய சீட்டோடு சுவரிலிருந்ததை ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன. இருபத்தெட்டாவது எழுத்தில் இருந்தார்.

"சரியாத்தான் இருக்கு" என்றாள் துன்யா.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "மன்னிச்சுக்கணும். தண்ணி குடிக்க வந்தேன். எட்டு வருஷத்துக்கு முந்தி ஒரு தடவை யாரோ கூட்டிட்டு வந்தாங்க, அப்பவும் தண்ணி குடிக்கத்தான் வந்தேன். இன்னைக்குப் பன்னெண்டு மணியிலேருந்து வேலை செய்யல. ஒரு எழுத்தைத் தப்பா எழுதிட்டேனோன்னு..."

"கால்மணிக்கு ஒரு தடவை" என்றாள் அவள்.

"ஆமா" என்றார் அவர், அதிசயப்பட்டு. "எங்க விதி அது. ஏழுலேருந்து மூணு வரைக்கும்."

"ஒன்பதரைக்குச் சாப்பாடு."

"அரை மணி நேரம் விடுவாங்க. அந்த ரெண்டு எண்ணையும் நான் குத்துமதிப்பா போட்டுக்குவேன். ஆறு அதுக்குள்ள எங்க போயிடப் போகுது."

துன்யா பச்சைப் பேரேட்டைப் பார்த்தாள். அதன் முதுகில் ஆற்று அலுவலகத்தின் முத்திரை. கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் சான்றிதழ் அவள் கண்முன் வந்து நின்றது, நூற்றுக்கு நூறு என்ற தங்க எழுத்தோடு.

"நீங்கதான் கரையில போய் அளவுகோலைப் பார்க்கறவரா?"

"பார்க்கணும்" என்றார். "எட்டு வருஷத்துக்கு முந்தி பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். கரையில காத்து எப்படி அடிக்கும்னு தெரியுமில்ல? அப்புறம் இந்தச் சாவி கிடைச்சுது. உங்க எண் ரொம்பச் சரியா இருக்கும். ஒரு நாள்கூட எங்க எண்ணுக்கும் உங்க எண்ணுக்கும் வித்தியாசம் வந்ததில்ல."

"எப்படி வரும்? ரெண்டும் எங்க எண்தானே."

"அதான் சொன்னேன், ரொம்பச் சரியா இருக்கும்."

அவர் பேரேட்டை மேஜையில், மீன் எலும்புத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தார். எட்டு வருஷத்து அழகான கையெழுத்து. அன்றைய பக்கத்தில் பகல் பன்னிரண்டு வரை நீல மையில் வரிசையாக எண்கள். அதற்குக் கீழே காலி. ஓரத்தில் பென்சிலால் மட்டும் ஒரு எண்.

"இன்னைக்கு வேற வழியில்லாம நேர்ல போனேன். படியெல்லாம் பனி. உங்க கும் என் பெல்ட்டைப் பிடிச்சுக்கிட்டார், நான் குனிஞ்சு பார்த்தேன். இருநூத்திப் பதினேழு சென்டிமீட்டர்." குரலைத் தாழ்த்தினார். "உங்களுது அந்த நேரத்துக்கு எவ்வளவு காட்டுது?"

துன்யா கைபேசியைப் பார்த்தாள். இருநூற்றுப் பதினான்கு.

கூடத்தில் யாரோ பாட ஆரம்பித்து, யாரோ அடக்கினார்கள். "துன்யா, கும் ரொட்டியைத் தனியாவே உடைச்சிடுவேங்கறார்" என்று அப்பா குரல் கொடுத்தார். பல மாதங்களாகக் கேட்காத சந்தோஷம் அந்தக் குரலில் இருந்தது. ராதோவான் தன் ஆழ்ந்த குரலில் யாருக்கோ சான்றிதழைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மனிதர் குனிந்து, காலைவிடச் சின்னதான செருப்புகளைப் பார்த்தார். அவளுடைய வெறுங்கால்களைப் பார்த்தார். பிறகு ஜேபியிலிருந்து ஒரு அழிரப்பரை எடுத்து, பென்சில் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தார், அழிக்கவில்லை.

"நான் இன்னும் நாலு வருஷத்துல ஓய்வு பெறுவேன்" என்றார். "என் பேர் உங்க பட்டியல்ல வந்தா, நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. எனக்குப் பார்க்கிறதுக்கு மட்டும் விட்டாப் போதும், மாத்தறதெல்லாம் வேண்டாம். நாளைக்கு வரைக்கும் சேர்க்கலாமாம், அங்க ஒருத்தர் சொல்லிக்கிட்டிருந்தார். ஒரு சாவி குடுங்கம்மா. பேர் எழுதற இடத்துல, விருந்தாளின்னு போட்டுக்கங்களேன்."